பூட்டை எடுத்தது யார்

த்ரிசலாவின் திரையில் அந்த ஒரு வரி மதியச் சாப்பாட்டிலிருந்தே அசையாமல் நின்றது. ‘வேறொரு பில்ட் நடந்துகொண்டிருக்கிறது. காத்திருக்கவும்.’ எவ்வளவு நேரம் என்று சொல்லாது. யாருடையது என்றும் சொல்லாது. அந்த இரண்டையும் சொல்லித் தொலைத்திருந்தால் அவளுக்குப் பாதி எரிச்சல் குறைந்திருக்கும்.

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்குப் பின்புறம், ஒரு டைல்ஸ் கடையின் மாடியில் இருந்தது அவர்கள் அலுவலகம். பால் சங்கங்களில் பாலை ஊற்றிக் கொழுப்பு பார்க்கும் மெஷின்கள் உண்டல்லவா, அவற்றுக்குள் ஓடும் மென்பொருளைச் செய்யும் சின்னக் கம்பெனி. எழுதுவது ஆறு பேர். எழுதியதை மெஷினில் ஏற்றும் வடிவத்துக்கு மாற்றித் தருவது, மூலையில் விசிறிச் சத்தத்தோடு நிற்கும் ஒரே ஒரு பெரிய கம்ப்யூட்டர். அந்த மாற்றும் வேலைக்குத்தான் பில்ட் என்று பெயர். நூற்றுக்கணக்கான கோப்புகளைத் தனித்தனியாக மாற்றி, கடைசியில் எல்லாவற்றையும் இணைத்து ஒரே பொட்டலமாகக் கட்டித் தரும்.

ஒரே சமயத்தில் பத்துப் பன்னிரண்டு கோப்புகளை மாற்றும் தெம்பு அந்தக் கம்ப்யூட்டருக்கு உண்டு. அதற்காகத்தான் விலை கொடுத்து வாங்கினார்கள். ஆனால் ஒரு நேரத்தில் ஒரே கோப்பு என்று டீம் லீடர் சரவணகுமார் அதைக் கட்டிப் போட்டிருந்தார். கம்ப்யூட்டர் வந்த புதிதில், எத்தனை வேண்டுமானாலும் சேர்ந்து ஓடட்டும் என்று வரம்பே இல்லாமல் விட்டவரும் அவர்தான். சென்னையிலிருந்து முதலாளி நான்கு விருந்தாளிகளோடு வந்து உட்கார்ந்திருந்த அன்று, எல்லா வேலைகளும் ஒன்றாகக் கிளம்பி, மெமரி நிரம்பி, மெஷின் அப்படியே உறைந்து போனது. விருந்தாளிகள் முன்னால் முதலாளி கேட்ட கேள்வி சரவணகுமாருக்கு உறைத்துவிட்டது. மறுநாளே வரம்பு ஒன்று ஆனது. டீ குடித்துவிட்டு வருவதற்குள் முடிந்த பில்ட், முக்கால் மணி நேரம் இழுக்க ஆரம்பித்தது.

த்ரிசலா அப்போதே அவரிடம் போய்ச் சொன்னாள். “கோப்புகளை மாத்துற வேலைக்கு மெமரி கம்மிதான் சார். கடைசில இணைக்கிற வேலைதான் ஜாஸ்தி சாப்பிடுது. அதை மட்டும் ஒன்னொன்னா விட்டுட்டு மத்ததை எட்டு எட்டா விடலாம். மெஷின் தாங்கும்.”

“பாக்கலாம்மா,” என்றார் அவர்.

ஐப்பசி மழையில் சொன்ன ‘பாக்கலாம்.’ தை வந்துவிட்டது.

இடையில் அலுவலகத்தில் எல்லாருமே குறுக்கு வழிகளைக் கற்றுக்கொண்டார்கள். ஆறு பேருடைய பில்ட்டும் ஒரே ஃபோல்டரில்தான் நடக்கும். ஒருவர் ஓட்டும்போது இன்னொருவர் புகுந்துவிடாமலிருக்க, சரவணகுமார் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருந்தார். பில்ட் தொடங்கும்போது அது ஒரு வெற்றுக் கோப்பை உண்டாக்கும். அதற்குப் பூட்டு என்று பெயர். முடிந்ததும் அழித்துவிடும். பூட்டு இருந்தால் அடுத்தவர் காத்திருக்க வேண்டும். பாதியில் ஒருவரின் பில்ட் செத்துப் போனாலோ, பூட்டு மட்டும் அனாதையாக அங்கேயே கிடக்கும். அதை அழித்தால்தான் வேலை நடக்கும். முதலில் கேட்டுவிட்டு அழித்தார்கள். பிறகு கேட்காமலே அழித்தார்கள். த்ரிசலா மட்டும் இன்றுவரை கை வைத்ததில்லை. உள்ளே யாராவது இருந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும்.

“யாருப்பா ஓட்றது?” என்று மூன்றாவது முறையாகக் கேட்டாள்.

யாரும் நிமிரவில்லை. பக்கத்து மேசை வினோதினி காதில் ஹெட்போனோடு திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெஷினின் நிலவரத்தைப் பார்த்தால் அது ஈ ஓட்டிக்கொண்டிருந்தது. எந்த வேலையும் நடக்கவில்லை. ஆனால் பூட்டு மட்டும் இருந்தது. மூன்று மாதமாக மதிய நேரத்தில் இதே கதைதான். மெஷினில் ஏதோ கோளாறு என்றே அவள் நம்பியிருந்தாள். அதற்காக இரண்டு சனிக்கிழமைகளைத் தொலைத்தும் இருக்கிறாள்.

எழுந்து சரவணகுமாரின் கண்ணாடி அறைக்குப் போனாள். “சார், இன்னைக்கு ரிலீஸ் போகணும். லாக் இருக்கு, யாருதுன்னு தெரியல.”

“எடுத்துட்டு ஓட்டுங்க.”

“யாராவது ஓட்டிட்டு இருந்தா?”

“யாரும் ஓட்டல, அதான் மெஷின் சும்மா இருக்குதே. நாளைக்குப் பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்துக்காகக் காலையில இருந்து ரோடெல்லாம் அடைச்சிருவான். எல்லாரும் இன்னைக்குச் சீக்கிரம் கிளம்பணும்ங்கறான். நீங்க இன்னும் லாக்கைப் பத்திப் பேசிட்டு இருக்கீங்க.”

“அதை எடுக்காம இருக்கிறதுக்குத்தான சார் லாக்குன்னு ஒன்னு வெச்சிருக்கோம்.”

அவர் போனை எடுத்தார். பேச்சு முடிந்தது என்பதற்கு அவர் அலுவலகத்தில் அதுதான் அடையாளம். த்ரிசலா வெளியே வந்து, வராந்தாவில் போய் முகம் கழுவிக்கொண்டாள். தண்ணீர் பாட்டிலை நிரப்பினாள். திரும்பி வந்து பார்த்தபோது பூட்டு இல்லை. யாருடைய வேலையோ முடிந்துவிட்டது என்று எண்ணி, நிம்மதியோடு தன் பில்ட்டை ஓட்டினாள்.

அது வழக்கத்தைவிட மெதுவாக நகர்ந்தது. ஒற்றை வரிசையில் போவதே மெதுவு, இன்று அதிலும் மெதுவு. த்ரிசலாவின் வீட்டில், தமிழ்ச் சமணர் வீடுகளின் வழக்கப்படி, பொழுது சாய்ந்தபின் சாப்பாடு கிடையாது. அதனால் மதியத்துக்கு ஒரு டப்பாவும் சாயங்காலத்துக்கு ஒரு டப்பாவும் கொண்டுவருவாள். ஐந்தரை மணிக்கு மேசையிலேயே சாப்பிட்டு முடிப்பாள். இன்று ஐந்தரைக்குப் பாதிக் கோப்புகள்கூட ஆகவில்லை. எங்காவது ஒரு பிழை வந்து நின்றால் உடனே பார்க்க வேண்டும், இல்லையென்றால் இன்னொரு முக்கால் மணி போகும். அதனால் கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். வினோதினி ஐந்தேகாலுக்கே பையைத் தூக்கிக்கொண்டு “வரேங்க்கா” என்று கிளம்பியிருந்தாள். ஒவ்வொருவராகப் போனார்கள். பில்ட் பிழையில்லாமல் முடிந்து, பொட்டலத்தை அனுப்பிவிட்டு ஜன்னலைப் பார்த்தபோது மலைச்சரிவில் வெளிச்சம் போயிருந்தது. டப்பாவிலிருந்த எலுமிச்சை சாதத்தைத் திறக்காமலே வீட்டுக்கு எடுத்துப் போனாள். கணவன் பவன் டப்பாவின் கனத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவனிடம் எரிந்து விழுந்திருப்பாள்.

மறுநாள் விடிந்தும் விடியாமல் போன் அடித்தது. புது வெர்ஷனை முதலில் ஒரே ஒரு சங்கத்துக்கு அனுப்பிப் பார்ப்பது அவர்கள் வழக்கம். அது அடி அண்ணாமலையைத் தாண்டி ஒரு சின்ன ஊரில் இருந்தது. அதன் செயலாளர் மணியம்மாள் பேசினாள்.

“இன்னாமா இது, எருமைப் பாலுக்கும் நாலு புள்ளி ரெண்டு, பசும்பாலுக்கும் நாலு புள்ளி ரெண்டு. சந்தேகத்துக்குச் சும்மா தண்ணிய ஊத்திப் பாத்தேன். அதுக்கும் நாலு புள்ளி ரெண்டுதான் காட்டுது. ஜனங்க வரிசைல நின்னுக்கினு சிரிக்கிறாங்கோ.”

அந்தப் போனை வைத்ததும் சரவணகுமாரின் போன் வந்தது. “பில்ட் உங்க பேர்லதான் போயிருக்கு. சங்கத்துக்கும் முதலாளிக்கும் அப்படித்தான் மெயில் போட்டிருக்கேன். நேர்ல போயிட்டு வந்துருங்க, அதான் நல்லது.”

‘உங்க பேர்ல’ என்பதைப் போனை வைக்குமுன் இன்னொரு முறையும் சொன்னார்.

பவன் பைக்கில் காஞ்சி ரோடு தடுப்பு வரை கொண்டுபோய் விட்டான். அதற்குமேல் வண்டி விடவில்லை. லேப்டாப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, மலை சுற்றும் கூட்டத்துக்கு எதிர்த்திசையில் நடந்தாள். எதிரே வருகிறவர்கள் எல்லாம் அவள் வழி தவறிவிட்டதாக நினைத்து, “இந்தப் பக்கம்மா, இந்தப் பக்கம்” என்று திருப்பிவிடப் பார்த்தார்கள். ஒவ்வொருவரிடமும் தலையாட்டிவிட்டு நடந்தாள். என்ன தவறு செய்தோம் என்று யோசித்து யோசித்துப் பார்த்தாள். அவள் திருத்தியது குளிரில் மெஷின் கொஞ்சம் ஏற்றிக் காட்டும் ஒரு சின்னப் பிழையை. நாலு புள்ளி ரெண்டு என்று அவள் எங்கேயும் எழுதவே இல்லை.

சங்கத்தில் கேன்களோடு பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். மெஷினில் கேபிளைச் சொருகி, பழைய வெர்ஷனை ஏற்றி, மூன்று பேருடைய பாலை ஊற்றிப் பார்த்தாள். மூன்றும் வேறு வேறாகக் காட்டின. “மன்னிச்சுக்கங்கம்மா,” என்றாள்.

“உடு. டீ குடி மொதல்ல, மூஞ்சி வெளுத்துக் கெடக்குது,” என்றாள் மணியம்மாள். பிறகு, “ஆனா இன்னொரு வாட்டி இப்படி ஆச்சின்னா கஷ்டம்மா. இவங்க மெஷினைத் திட்ட மாட்டாங்க. நான்தான் தில்லுமுல்லு பண்றேன்னு சொல்லுவாங்க.”

அந்த வார்த்தை த்ரிசலாவைத் துளைத்தது. யாரோ செய்த ஏதோ ஒன்றுக்கு இந்தப் பெண் ஊருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த யாரோ நானேதானா என்பதுகூடத் தெரியவில்லையே என்று நினைத்தபோது, கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்றே அவளுக்குப் புரியவில்லை.

மதியம் அலுவலகத்துக்கு வந்ததும் முந்தைய நாளின் பதிவுகளைத் தோண்டினாள். அதிக நேரம் ஆகவில்லை. அவளுடைய பில்ட் ஓடிய அதே நேரத்தில், அதே ஃபோல்டரில், இன்னொரு பில்ட்டும் ஓடியிருந்தது. அவள் மாற்றிவைத்த கோப்புகளில் சிலவற்றின்மேல் அந்த இன்னொருவரின் கோப்புகள் ஏறி உட்கார்ந்திருந்தன. கடைசியில் இணைக்கும்போது இருவருடையதும் கலந்து ஒரே பொட்டலமாகிவிட்டது. இருவருடையதும் பிழையில்லாத கோப்புகள், அதனால் கம்ப்யூட்டர் வாயைத் திறக்கவில்லை. அந்த இன்னொரு பெயர் வினோதினி. சோதனைக்காக அவள் தன் கோப்பில் கொழுப்பை நாலு புள்ளி ரெண்டு என்று நிலையாக எழுதி வைத்திருந்தாள்.

“வினோ, கொஞ்சம் வெளியில வா,” என்றாள்.

மாடிப்படியில் நின்றார்கள். கீழே டைல்ஸ் கடைக்காரர்கள் லாரியிலிருந்து பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

“நேத்து என் பில்ட் ஓடறப்ப நீயும் ஓட்டியிருக்க. லாக்கை நீ எடுத்தியா?”

வினோதினி லாரியைப் பார்த்தபடி சொன்னாள். “எடுக்கலக்கா. அந்த லாக்கே என்னுதுதான்.”

“உன்னுதா? மெஷின்ல ஒரு வேலையும் ஓடலயே.”

“பஸ்ஸுல ஜன்னல் வழியா கர்ச்சீப் போட்டு சீட்டு புடிப்பாங்கல்ல, அது மாதிரி. மதியம் சாப்பிட்டதும் லாக்கைப் போட்டுட்டு சும்மா காத்திருக்கிற மாதிரி ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வெச்சிருக்கேன். நாலரைக்கு அதுவா பில்ட் ஓட்டும். பில்ட் பாஸ் ஆகாம யாரும் கிளம்பக் கூடாதுன்னு சார் ரூல் போட்டிருக்காரு. அஞ்சேகாலுக்கு நான் கிளம்பலன்னா பாப்பா இருக்கிற கிரெச்ல கேட்டைச் சாத்திட்டு, ஆயா அவளைப் படிக்கட்டுல உக்கார வெச்சுடுவாங்க. வரிசைல நின்னா எனக்கு எப்ப முறை வரும்?”

“மூணு மாசமா தினமுமா?”

“தினமும்.”

த்ரிசலாவுக்கு அந்த இரண்டு சனிக்கிழமைகளும் நினைவுக்கு வந்தன. “பக்கத்துலயே உக்காந்துட்டு யாரு ஓட்றதுன்னு நான் கேக்கறேன். உனக்குக் காது கேக்கலயா? மெஷின் கெட்டுப் போச்சுன்னு நான் பிரிச்சுப் பாக்காத குறை.”

“தப்புதான். ஆனா உங்களுக்கு அது புரியாதுக்கா.” வினோதினியின் குரல் மாறியது. “அஞ்சரைக்கு நீங்க டப்பாவைத் தொறந்தா ஆபீசே மரியாதையா ஒதுங்கி நிக்குது. நான் அஞ்சேகாலுக்குப் பையைத் தூக்கினா எல்லாக் கண்ணும் என் மேலதான். உங்களுதுக்குப் பேரு விரதம். என்னுதுக்குப் பேரு ஓபி.”

த்ரிசலா நேற்று திறக்காத டப்பாவைச் சொல்லிக்காட்டலாம்தான். ஆனால் அதைச் சொன்னால் அது எவ்வளவு சின்னதாகக் கேட்கும் என்று அவளுக்குத் தெரிந்தது.

“சரி. நீ எடுக்கல. அப்ப லாக்கை எடுத்தது யாரு?”

“நீங்க முகம் கழுவப் போனீங்களே, அப்ப சார் வந்து உங்க சீட்டுக்குப் பக்கத்துல நின்னுட்டே உங்க கம்ப்யூட்டர்ல எடுத்தாரு. நான் பாத்தேன். சொல்லலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. சொன்னா, நீ எதுக்குப் புடிச்சு வெச்சேன்னு கேப்பாரு. அதுக்குள்ள நாலரை ஆயி, லாக் இன்னும் தன்னுதுதான்னு நெனச்சு என் ஸ்கிரிப்ட் ஓட ஆரம்பிச்சிருச்சு. நேத்து சார் கிளம்பறவங்களை நிறுத்தல. காலைல பாத்தா ரெண்டும் பாஸ் ஆகியிருந்துச்சு, ஒன்னும் ஆகலன்னு நெனச்சிட்டேன்.”

கீழே ஒரு பெட்டி நழுவி விழுந்தது. யாரோ யாரையோ திட்டினார்கள். த்ரிசலா கைப்பிடியைப் பிடித்தபடி நின்றாள். சரவணகுமார் செய்ததைச் சொன்னால் வினோதினி மாட்டுவாள். சொல்லாவிட்டால் பழி தன் பேரிலேயே நிற்கும்.

அவள் வினோதினியின் பெயரை விட்டுவிட்டுத்தான் கண்ணாடி அறையில் பேசினாள். “ரெண்டு பில்ட் ஒன்னா ஓடிக் கலந்திருக்கு சார். பூட்டு இருந்தது. யாரோ எடுத்திருக்காங்க.”

சரவணகுமார் மேசையிலிருந்த பேனாவை எடுத்து மூடியைத் திறந்து மூடினார். அவருக்கு நினைவு வந்துவிட்டது என்பது அந்த ஒரு கணத்திலேயே தெரிந்துபோயிற்று.

“யாரா இருந்தா என்ன. இனிமே யாரும் எடுக்கக் கூடாதுன்னு குரூப்ல போட்டுர்றேன்.”

“என் பேர்ல போன மெயிலு?”

“அது முடிஞ்சு போன விஷயம். அதைக் கிளறினா கஸ்டமருக்கு இன்னும் சந்தேகம் வரும்.”

“சரி சார். வரம்பை எட்டுன்னு வெச்சிரலாமா? பில்ட் சீக்கிரம் முடிஞ்சா யாரும் லாக்குல கை வைக்க மாட்டாங்க. அதுக்கு மேல ஒவ்வொருத்தருக்கும் தனி ஃபோல்டர் குடுத்துட்டா கலக்கவும் கலக்காது.”

“அடுத்த ரிலீஸ் முடியட்டும். பாக்கலாம்.”

த்ரிசலாவுக்குக் காது சுட்டது. எதையாவது கத்திவிடுவோமோ என்று பயந்து, மிக மெதுவாகப் பேசினாள். “அப்ப அடுத்த ரிலீஸை உங்க பேர்ல ஓட்டிக்கங்க சார். நான் கோடு எழுதித் தர்றேன். பூட்டை யார் எடுப்பாங்கன்னு தெரியாத மெஷின்ல என் பேர் போட்டு ஒரு பொட்டலமும் இனிமே அனுப்ப மாட்டேன்.”

அவர் அதை மிரட்டல் என்றார். அவள் இல்லை என்றாள். தன் இடத்துக்குத் திரும்பினாள்.

அடுத்த வாரம் சரவணகுமார் தானே ரிலீஸ் பில்ட் ஓட்ட உட்கார்ந்தார். அவருக்கு முன்னால் இருவர் வரிசையில் இருந்தார்கள். பூட்டைத் தொடக் கூடாதென்று குரூப்பில் போட்டவரே அவர் என்பதால் தொடவும் முடியவில்லை. தன் முறை வந்து, முக்கால் மணி நேரம் ஓடி, கடைசி இணைப்பில் ஒரு கோப்பு விட்டுப்போனதால் பிழை வந்து நின்றது. திருத்திவிட்டு மறுபடி வரிசையில் நின்றார். அறைக்கும் மூலைக்கும் நடந்தார். மெஷினின் விசிறியைத் தட்டிப் பார்த்தார். சாயங்காலம் த்ரிசலாவின் மேசையருகே வந்து நின்றார்.

“அந்த நம்பரை எங்க மாத்தணும்?”

இடத்தைக் காட்டினாள். “எட்டு போடுங்க சார்.”

“நாலு போதும்.”

“எட்டைத் தாங்கும் சார். நான் ஓட்டிப் பாத்திருக்கேன்.”

“நாலு போடுங்கம்மா. மொதல்ல நாலு.”

நாலு போட்டாள். இணைக்கும் வேலையை மட்டும் ஒவ்வொன்றாக விட்டாள். பழைய வெற்றுக் கோப்பைத் தூக்கிவிட்டு வேறு விதமான பூட்டு வைத்தாள். பிடித்தவர் பெயரை அது காட்டும், பிடித்த வேலை செத்துப் போனால் தானே விட்டுவிடும். ஆளுக்கொரு ஃபோல்டரும் பிரித்துக் கொடுத்தாள். அன்றைய பில்ட் கால் மணிக்குள் முடிந்தது. மெமரியில் பாதிக்குமேல் காலியாகக் கிடப்பதை வரைபடம் காட்டியது. அந்தக் காலி இடத்தைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“சார், அந்த மெயில்,” என்றாள்.

“அதான் நாலு போட்டாச்சே,” என்றார் சரவணகுமார், ஒன்றுக்கு ஒன்று சரியாகிவிட்டது போல.

இரண்டு நாள் கழித்து, வினோதினி யாரிடமும் சொல்லாமல் கண்ணாடி அறைக்குள் போனாள். கதவு சாத்தியிருந்ததால் என்ன பேசினாள் என்று வெளியே கேட்கவில்லை. கை ஆட்டாமல், நின்றபடியே பேசினாள். வெளியே வந்தபோது மூக்கு நுனி சிவந்திருந்தது.

“எல்லாத்தையும் சொல்லிட்டேன்க்கா,” என்றாள், உட்காராமலே. “புடிச்சு வெச்சது நான், எடுத்தது நீங்கதான் சார்னு. அஞ்சேகாலுக்குக் கிளம்பறதையும் இனிமே கேட்டுட்டே கிளம்பறேன்னு சொன்னேன்.”

“என்ன சொன்னாரு?”

“பேனாவைத் தொறந்து தொறந்து மூடினாரு.”

மாலையில் ஒரு மெயில் வந்தது. சங்கத்துக்கும் முதலாளிக்கும் போய், ஆறு பேருக்கும் நகல் வந்திருந்தது. ஒரே ஒரு வரி. ‘சென்ற பௌர்ணமிக்கு முன்தினம் அனுப்பிய வெளியீட்டில் ஏற்பட்ட தவறு தனிநபர் தவறல்ல, நடைமுறையில் ஏற்பட்ட தவறு என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம்.’

த்ரிசலா அதை இரண்டு முறை படித்தாள். அவளுடைய பெயர் நீங்கியிருந்தது. வேறு எந்தப் பெயரும் அங்கே வரவில்லை.

வினோதினி நாற்காலியை நகர்த்திக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள். “நடைமுறை யாருக்கா? நம்ம ஆபீஸ்ல புதுசா சேந்திருக்காரா?”

த்ரிசலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வரக் கூடாதென்று நினைத்தும் வந்தது. அந்தச் சிரிப்பிலேயே பாதி ஆத்திரம் இருந்ததால் கண்ணிலும் கொஞ்சம் நீர் கோத்தது. மணியம்மாளுக்குப் போன் போட்டு, அன்றைக்கு நடந்ததை நடந்தபடியே, யார் பெயரும் சொல்லாமல், தன் வாயால் சொன்னாள். மணியம்மாள் கேட்டுவிட்டு, நாளைக் காலையில் பால் ஊற்ற வருகிறவர்களிடம் தானே சொல்லிவிடுவதாகச் சொன்னாள்.

போனை வைத்துவிட்டுத் திரையைத் திறந்தாள். வரம்பை நாலிலிருந்து எட்டாக்கக் கேட்டு, மெமரி வரைபடத்தையும் சேர்த்து, சரவணகுமாருக்கு இன்னொரு மெயில் எழுதத் தொடங்கினாள்.